மெரினாவுக்கு மணல்... ராயபுரத்துக்குக் கல்!

மெரினாவில் கடல் நீரில் கால் நனைப்பது அவ்வளவு சுலபமில்லை. காமராஜர் சாலையில் இறங்கி, சுண்டல் கடை, பஜ்ஜிக் கடை, குதிரை, ராட்டினம் எல்லாவற்றையும் தாண்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் புதையப் புதைய நடந்தால்தான் அலை வரும். சில இடங்களில் மணல்பரப்பின் அகலமே 400 மீட்டரைத் தாண்டும். கைக்குழந்தையோடு வருபவர்கள் பாதி வழியிலேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதே நகரம், அதே வங்கக் கடல். துறைமுகத்தைத் தாண்டி வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் வந்தால் காட்சி தலைகீழ். இங்கே மணலைத் தேட வேண்டும். கரையோரம் முழுக்கப் பாறாங்கற்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் சீறும்போது அலை அந்தக் கற்களில் மோதி, சாலையில் போகிற கன்டெய்னர் லாரிகள் மீது சாரலாகத் தெறிக்கிறது.

ஒரு பக்கம் கொட்டிக் கிடக்கிற மணல், இன்னொரு பக்கம் வெறும் கல். இது இயற்கையின் ஓரவஞ்சனை அல்ல. இரண்டுக்கும் நடுவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறதே துறைமுகச் சுவர், அது செய்த பங்கீடு. அந்தச் சுவர் எழும்பும் வரை சென்னைக்கு வந்த ஒவ்வொரு பெட்டியையும் மூட்டையையும் கரை சேர்த்தவர்கள் படகோட்டிகள். அவர்களில் பலருக்கு ஊர் ராயபுரம்தான். ஆகவே ராயபுரத்தின் கதையைப் படகிலிருந்து தொடங்குவதுதான் சரி.

ஆணி இல்லாத படகு

1639-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக் கரையில் இடம் பெற்றபோது இங்கே துறைமுகம் கிடையாது. வளைகுடா இல்லை, ஆழமான ஆற்று முகத்துவாரமும் இல்லை. நேர்கோடு போட்டதுபோல் ஒரு மணல் கரை. அதன்மீது ஓயாமல் வந்து உடையும் அலை. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டுவிடும். அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகு.

இந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலை தூக்கித் தரையில் அடித்தால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். சீமையிலிருந்து வந்த கவர்னராக இருந்தாலும், கம்பெனியின் இளம் குமாஸ்தாவாக இருந்தாலும், முதலில் உயிரை ஒப்படைத்தது இந்தப் படகோட்டிகளிடம்தான். எந்த அலைக்கு நிற்க வேண்டும், எந்த அலையின் முதுகில் ஏறிக் கரைக்குப் பாய வேண்டும் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

கம்பெனிக்குப் படகு ஓட்டிய கத்தோலிக்க மக்கள் ராயபுரத்தில் 1829-ல் எழுப்பியதுதான் புனித இராயப்பர் ஆலயம். பீட்டர் என்று ஆங்கிலத்திலும் பேதுரு என்று பைபிளிலும் வழங்கும் சீடரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். அவர் ஏசுவிடம் வருவதற்கு முன்பு மீன் பிடித்தவர், படகு வைத்திருந்தவர். கடலோடிகள் தங்களுக்குப் பாதுகாவலராக அவரைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. ராயபுரம் என்ற பெயரே இந்த இராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள்.

மதிலுக்கு வெளியே ஓர் ஊர்

வரைபடத்தில் பார்த்தால் ராயபுரத்தின் இருப்பிடம் சட்டென்று விளங்கும். தெற்கே புனித ஜார்ஜ் கோட்டை. அதற்கு வடக்கே வியாபாரிகள் நிறைந்த கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன். பிரெஞ்சுப் படையும் ஹைதர் அலியின் படையும் மிரட்டிக்கொண்டிருந்த 18-ம் நூற்றாண்டில் அதைச் சுற்றி ஒரு மதில் எழுந்தது. மதிலுக்காக வரி கேட்ட கதையைத்தான் வால்டாக்ஸ் சாலை இன்றும் பெயரில் சுமக்கிறது. மதிலின் எஞ்சிய துண்டு ஒன்றைப் பழைய வண்ணாரப்பேட்டையின் மாடிப் பூங்காவில் பார்க்கலாம்.

ராயபுரம் அந்த மதிலுக்கு வெளியே, வடக்கில் இருந்தது. கோட்டைக்குள் இடம் கிடைக்காதவை எல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. பசியும் அப்படித்தான் வந்தது. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியுடன் நடந்த போரும் அதை ஒட்டி வந்த பஞ்சமும் கிராமங்களைக் காலி செய்தபோது, ஜனங்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ஒரு சத்திரம் ஏற்பட்டது. ஊர் மணியக்காரர் பார்த்துக்கொண்டதால் மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் அது 'மணேகார் சௌல்ட்ரி' ஆனது.

கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகளும் இருந்ததால் 1799-ல் அங்கே ஒரு மருத்துவமனையும் தொடங்கியது. அது வளர்ந்து வளர்ந்துதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. ஸ்டான்லி என்பது 1930-களின் தொடக்கத்தில் கவர்னராக இருந்தவரின் பெயர். ஆனால், வடசென்னையின் பெரியவர்கள் இன்னமும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். கவர்னர் பெயரைவிடக் கஞ்சியின் ஞாபகம் நீண்டு நிற்கிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில்

படகுத்துறையும் கறுப்பர் நகரக் கடைவீதியும் பக்கத்திலேயே இருந்ததால், ரயில் வந்தபோது அதுவும் ராயபுரத்துக்குத்தான் வந்தது. 1856 ஜூன் 28-ல் கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1-ம் தேதி முதல் வாலாஜா பக்கம் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பயணம் இங்கிருந்துதான் புறப்பட்டது.

மும்பையிலும் தானேயிலும் ராயபுரத்துக்கு மூன்று ஆண்டு முன்பே, 1853-ல் ரயில் ஓடிவிட்டது. ஆனால், அந்த முதல் நிலையக் கட்டடங்கள் இப்போது இல்லை. அதனால், நாட்டில் இன்றும் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை ராயபுரத்துக்கு. உயர்ந்த தூண்களும் அகன்ற கூடமுமாக ஒரு மாளிகைபோல் கட்டினார்கள். 1873-ல் சென்ட்ரல் வந்தது. 1922 வரை ரயில்வே கம்பெனியின் தலைமையகம் ராயபுரத்திலேயே இருந்தது. பிறகு அதுவும் போனது. நீண்ட காலம் கவனிப்பாரின்றிக் கிடந்த கட்டடம் 2005-ல் புதுப்பிக்கப்பட்டது. இன்று புறநகர் வண்டிகள் ஓரிரு நிமிடம் நின்றுவிட்டுப் போகின்றன.

கடலுக்குள் எழுந்த சுவர்

ரயில் வந்தது, ஆனால் கப்பல் இன்னும் தூரத்திலேயே நின்றது. அலையில் படகு கவிழ்வதும், மூட்டை நனைவதும் வியாபாரிகளுக்குத் தீராத தலைவலி. 1860-களில் இரும்புத் தூண்கள்மேல் கடலுக்குள் ஒரு பாலம் போட்டுப் பார்த்தார்கள். புயல் அதை விட்டுவைக்கவில்லை. கடைசியில் கடலுக்குள் இரண்டு பெரிய கற்சுவர்களை நீட்டி, நடுவில் அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்குவது என்று முடிவாயிற்று. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875-ல் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் சுவர்களை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் பொறுப்பேற்று, நுழைவாயிலை வடகிழக்குக்கு மாற்றி, கப்பல்கள் கரையோடு ஒட்டி நிற்கும் மேடைகளை அமைத்தார்.

நகரத்துக்கு அது பெரிய பேறு. படகோட்டிகளுக்கு? கப்பல் கரைக்கே வந்துவிட்டால் நடுவில் படகு எதற்கு? தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை மெல்ல மெல்ல இல்லாமல் போனது. ஆனால், சுவர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது வேலையை மட்டும் அல்ல என்பது தெரியச் சில காலம் ஆயிற்று.

கரையோரம் ஓடும் மணல் ஆறு

கரையில் கிடக்கும் மணல் அங்கேயே கிடப்பதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது ஓயாமல் பயணம் செய்கிறது. அலை கரைக்குச் சாய்வாக வந்து மோதும்போது மணலைச் சற்று முன்னால் தள்ளும். திரும்பும்போது நேராக இறங்கும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் ஒரு சாண், ஓர் அடி என்று மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் சென்னைக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்கே வரும். முதல் காலம் நீளமானது என்பதால், ஆண்டுக் கணக்கு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அது கொஞ்சநஞ்சமல்ல, ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மணல் ஆறு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆற்றின் குறுக்கே கட்டிய அணைதான் துறைமுகச் சுவர். அணைக்கு முன்னால் தண்ணீர் தேங்குவதுபோல், சுவருக்குத் தெற்கே மணல் தேங்கியது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் கடற்கரையோரம் ஒரு நடைபாதை போட்டு அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். அதன்பிறகு மணல்பரப்பு ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிக்கொண்டே போனது.

இதற்கு ஒரு சாட்சி இன்றும் மெரினா எதிரில் நிற்கிறது. விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் 1842-ல் கட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கும் கிடங்கு அது. பனிக்கட்டி உருகுமுன் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்பதால் கடலுக்கு வெகு அருகிலேயே கட்டினார்கள். இன்று அந்த வாசலில் நின்றால் கடல் எங்கோ தூரத்தில் நீலக் கோடாகத் தெரிகிறது. கட்டடம் நகரவில்லை. கடல்தான் பின்வாங்கியது. கூவத்தின் வாயில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்வதற்கும் இதே தேக்கம் ஒரு காரணம்.

அணைக்குப் பின்னால் வயல் காய்வதுபோல், சுவருக்கு வடக்கே ராயபுரம் காய்ந்தது. அலை எப்போதும்போல் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோனது. ஆனால், அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து மணல் வரவில்லை. வரவில்லாத செலவு எவ்வளவு நாள் தாங்கும்? ஒரு நூற்றாண்டில் கடல் பல நூறு மீட்டர் உள்ளே வந்துவிட்டது. வலை உலர்த்திய மணல், கட்டுமரம் ஏற்றி வைத்த மேடு, குப்பத்துக் குடிசைகள் நின்ற தெருக்கள் ஒவ்வொன்றாக நீருக்குள் போயின.

கல் கொட்டினால் கடல் நிற்குமா?

கடல் சாலையைத் தொட்டபோது கல் கொட்டினார்கள். அலை கற்களை உருட்டிக்கொண்டு போனது. இன்னும் பெரிய கல் கொட்டினார்கள். கல்சுவர் சாலையைக் காப்பாற்றும். ஆனால், கரையை உண்டாக்காது. அது மட்டுமல்ல, கல் கொட்டிய இடம் முடிகிற புள்ளியில், அதற்கு வடக்கே உள்ள ஊரில் அரிப்பு தொடங்கும். ராயபுரத்தின் கவலை இப்படித்தான் திருவொற்றியூர், எர்ணாவூர் என்று வடக்கே குப்பம் குப்பமாகக் கைமாறியது.

2000-களில் கரைக்குக் குறுக்காகக் கடலுக்குள் நீளும் கற்தடுப்புகளைக் கட்டினார்கள். 'தூண்டில் வளைவு' என்று மீனவர்கள் சொல்வது இவற்றைத்தான். இரண்டு தடுப்புகளுக்கு நடுவே சில இடங்களில் கொஞ்சம் மணல் திரும்பியது. அந்தச் சிறு மணல் திட்டில் இன்று படகுகள் இளைப்பாறுகின்றன. சாயங்காலம் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மெரினாவோடு ஒப்பிட்டால் கைக்குட்டை அளவுதான். ஆனாலும் ஊருக்கு அது கரை.

துறைமுகம் தந்த இன்னொரு தொல்லை காற்றில் வந்தது. நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கிய காலத்தில் ராயபுரத்து மாடிகளில் உலர்த்திய வேட்டி கறுத்துப்போகும். நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2011-ல் அந்தச் சரக்குகள் எண்ணூருக்கு மாறின.

காசிமேட்டின் விடியல்

இவ்வளவுக்குப் பிறகும் ராயபுரம் கடலை விடவில்லை. துறைமுகத்தின் வடக்கு எல்லையை ஒட்டி 1980-களில் மீன்பிடித் துறைமுகம் அமைந்தது. சினிமாவில் காசிமேடு என்றால் அரிவாளும் துரத்தலும்தான். நேரில் போனால் தெரிவது வேறு. இருட்டு பிரிவதற்கு முன்பே விசைப்படகுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, இறால், நண்டு என்று கூடை கூடையாக இறங்குகின்றன. ஏலக் குரலும் ஐஸ் உடைக்கிற சத்தமும் போட்டி போடுகின்றன. வியாபாரத்தின் பெரும்பகுதி பெண்கள் கையில். "என்னா மீன்க்கா வேணும்? செவுள தூக்கிப் பாத்துட்டு வாங்குக்கா" என்று அவர்களே பழுது பார்க்கவும் சொல்லித்தருவார்கள். செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருந்தால் மீன் புதுசு.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கே படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கரை தேய்ந்த ஊரில் அலைக்கும் வீட்டுக்கும் நடுவே மணல் என்ற மெத்தை இல்லை என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

சுற்றிப் பார்க்க வருபவர்கள் ஞாயிறு கூட்டத்தைத் தவிர்த்து வார நாளில் வந்தால் நிதானமாகப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், விலையும் ஏறியிருக்கும். கடற்கரை நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் வந்தால் அடுத்த நிறுத்தமே ராயபுரம். பழைய நிலையக் கட்டடத்தையும் அப்படியே பார்த்துவிடலாம். மெட்ரோவில் வருபவர்களுக்கு வண்ணாரப்பேட்டையும் தியாகராயா கல்லூரியும் பக்கம்.

மீன் வாங்கியதோடு திரும்பிவிட வேண்டாம். இராயப்பர் ஆலயத்திலிருந்து சற்றுத் தொலைவில், தமிழ்நாட்டுப் பார்சிகளின் ஒரே அக்கினிக் கோயில் 1910-லிருந்து இருக்கிறது. பார்சிகள் அல்லாதோர் உள்ளே போக முடியாது, வெளியிலிருந்து பார்க்கலாம். 1949 செப்டம்பர் 17-ல், கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்ட ராபின்சன் பூங்காவும் இங்கேதான். இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் எம்.சி. ரோட்டின் துணிக்கடைகள். பண்டிகைக்கு நாலு நாள் முன்பு அங்கே நடக்க இடமிருக்காது.

வடக்கே நகரும் கதை

ராயபுரம் கற்றுக்கொண்டதை மற்ற ஊர்கள் கேட்டுக்கொண்டனவா என்றால், இல்லை. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் எழுந்தது. நகரத்தின் அழகான மணல்கரை போய், அங்கும் கற்களே மிஞ்சின. நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் அண்மை ஆண்டுகளில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. தேங்கிய மணலை எடுத்து, தேய்கிற பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வழி. சுவர் கட்டுவதுபோல் ஒரு தடவையோடு முடிகிற வேலை அல்ல இது. ஆண்டுதோறும் விடாமல் செய்ய வேண்டும். திட்டத்தில் எழுதுவார்கள், பிறகு கைவிடுவார்கள்.

சென்னைக்கு வடக்கே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அடுத்த பத்து ஆண்டு சொச்சத்தில் அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி வந்தது. காட்டுப்பள்ளியைப் பெரிதாக்கும் திட்டம் பேச்சுக்கு வந்தபோது பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய மணல் திட்டுதான். அது கரைந்தால் ஏரியும் போகும், ஏரியை நம்பிய பிழைப்பும் போகும் என்பது அவர்கள் பயம்.

அந்தப் பயத்துக்குச் சாட்சி தேடி அவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராயபுரத்தில், சாலை நெடுகக் கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன.